உள்தாழ்ப்பாள்: க்ளைமாக்ஸ் விளக்கம்

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டு ‘உள்தாழ்ப்பாள்’ படத்துக்காக வாங்கியது. வீட்டுக் கதை எதுவும் இதில் வரக் கூடாது என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

நேற்று மதியக் காட்சியில் இரண்டாம் முறை பார்த்தேன். கோத்தகிரியில் ஒரு பழைய பங்களா. அதில் ஒரு புருஷன், ஒரு மனைவி. வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லை என்கிறான் புருஷன். நான் சொன்னேனே, மறந்துவிட்டீர்களா என்கிறாள் மனைவி. அவள் சொல்லவே இல்லை என்று அவன் சத்தியம் செய்கிறான். பிறகு அவள் ஒரு டாக்டரைக் கூட்டிவருகிறாள். அவனுக்குப் பைத்தியமா, அல்லது அவள் அவனைப் பைத்தியமாக்குகிறாளா? இரண்டேகால் மணி நேரமும் இந்த ஒரு கேள்விதான். கடைசியில் அவள் உள்தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள், திரை இருண்டுவிடுகிறது. விளக்கு போட்ட பிறகும் ஆட்கள் எழுந்திருக்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு குடும்பமே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

எனக்குச் சோறு போடுவது இந்தச் சண்டைதான். என் யூட்யூப் சேனலின் பெயர் ‘முடிச்சு’. குழப்பமான படங்களை எடுத்துக்கொண்டு, யார் கொலைகாரன், யார் ஏற்கெனவே செத்தவன், எது கனவு என்று பிரித்துச் சொல்வது வேலை. இரண்டேகால் லட்சம் பேர் சந்தாதாரர்கள். மாமியார் வீட்டில் இதை வேலை என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மங்கை, அதாவது என் மனைவி மங்கையர்க்கரசி, இன்றிலிருந்து மறுபடி வேலைக்குப் போகிறாள். பிரசவ விடுப்பும் அதற்குமேல் எடுத்த சம்பளமில்லாத விடுப்பும் முடிந்துவிட்டன. கல்லூரி நூலகம், ஒன்பதிலிருந்து நாலரை வரை. எட்டு மாதக் குழந்தை ஆதிரையை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வீட்டில்தானே இருக்கிறேன்.

முதல் நாள் அமோகம். பதினொரு மணிக்குத் தூளியில் போட்டேன். இரண்டு மணி வரை ஒரு சிணுங்கல் இல்லை. தூளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பதினாறு பக்கம் எழுதி முடித்தேன். மங்கை வந்ததும் வராததுமாகக் குழந்தையின் கண் ஏன் இப்படி வீங்கியிருக்கிறது, தொண்டை ஏன் கட்டியிருக்கிறது என்று கேட்டாள். உறையூர் வெயிலுக்கு யாருக்குத்தான் தொண்டை கட்டாது என்றேன். இவ்வளவு சமர்த்தான பிள்ளையைப் பெற்றுவிட்டு இவளுக்கு இன்னும் குறை.

ஜூன் 11, புதன்

மங்கையின் அம்மா, என் அத்தை, குளித்தலையிலிருந்து வந்திருந்ததால், குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு மூன்றாம் முறை போனேன். தியேட்டரில் சவுண்டு சரியில்லை. வசனம் எல்லாம் பஞ்சுக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது. டிக்கெட் கிழிக்கிறவரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேறு யாரும் சொல்லவில்லையாம். நம் ஜனங்களுக்கு எது கொடுத்தாலும் போதும்.

புது ஹெட்போனும் மட்டம். சத்தத்தை முழுக்க வைத்தால்தான் ஒழுங்காக இருக்கிறது. போன வார வீடியோவுக்குக் கீழே நாலைந்து பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள்: ‘அண்ணே, ஏன் கத்துறீங்க?’ இன்னொருவன், பின்னணி இசையில் என் பேச்சே அமுங்கிப்போகிறது என்கிறான். கத்துகிறேன் என்கிறார்கள், கேட்கவில்லை என்கிறார்கள். முதலில் அவர்கள் ஒரு முடிவுக்கு வரட்டும்.

வீட்டுக் கதை ஒன்றே ஒன்று மட்டும், அதுவும் படத்தோடு சம்பந்தம் இருப்பதால். தயிர் வாங்கி வரச் சொன்னாளாம். சொல்லவே இல்லை. “நான்தான் சொன்னேனே” என்றாள். அப்படியே படத்து வசனம். கொஞ்சம் சிலிர்த்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், மங்கை எதிரில் நின்று பேசினால் எங்களுக்குள் தகராறே வருவதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னதாகச் சொல்கிறாளே, அவைதான் எல்லாத் தகராறும்.

ஜூன் 14, சனி

இந்த மாதிரிப் படங்கள் ஏன் பிடிக்கின்றன என்று ஒரு முன்னுரை எழுதப் பார்த்தேன். மனிதனுக்கு ஏமாறப் பிடிக்கும். ஆனால் ஏமாற்றுகிறவன் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும், ஏமாற்றினதைக் கடைசியில் அவனே ஒப்புக்கொள்ளவும் வேண்டும். வெளியே நம்மை ஏமாற்றுகிறவன் எவனும் இந்த இரண்டாவது மரியாதையைச் செய்வதில்லை. தியேட்டரில் கிடைக்கிறது. இரண்டு மணி நேரம் காலடித் தரை நழுவுகிறது, பிறகு ஒரு நொடியில் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. அந்த நொடிக்காகத்தான் நான் சின்ன வயதிலிருந்து படம் பார்க்கிறேன். வாழ்க்கையில் அந்த நொடி எனக்கு வந்ததே இல்லை. முன்னுரை நன்றாக வந்திருக்கிறது.

காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் எனக்குப் பின்னால் மங்கை நிற்பது தெரிந்தது. இடது கையில் எவர்சில்வர் தட்டு. வலது கையில் குழம்புக் கரண்டி, அடிப்பதற்கு ஓங்கின மாதிரி. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. முகத்தில் நான் பார்த்தே இராத ஒரு களை. கண்ணாடி வழியாக என் கண்ணைச் சந்தித்ததும் கரண்டியைத் தாழ்த்திவிட்டாள். கேட்டதற்குச் சாப்பிடக் கூப்பிட வந்தேன் என்றாள். கூப்பிடவில்லை. தட்டில் இட்லியும் இல்லை.

கன்னத்தில் வெட்டிவிட்டது. பெரிய காயம் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நடந்ததை விடாமல் எழுதிவைக்க வேண்டும்.

குழந்தை தூளியில். நான் வழக்கம்போல முன்கதவை உள்ளே தாழிட்டுவிட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். ஐந்தேகாலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, ஜன்னலில் மங்கையின் கை தெரிந்தது. திறந்தேன். நனைந்த மாதிரி வியர்த்திருந்தாள். நாலே முக்காலிலிருந்து தட்டுகிறாளாம், மணியும் அடித்தாளாம், போனிலும் கூப்பிட்டாளாம். போன் மேஜையில்தான் குப்புறக் கிடந்தது, ஏழு தவறிய அழைப்பு. சரி, அது என் தப்பு. ஆனால் கதவை யாரும் தட்டவில்லை. மூன்று கெஜ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் தூளிக்கு ஓடினாள். குழந்தையைத் தூக்கி இறுக்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். முதுகு குலுங்கிற்று. எதிர் வீட்டுப் பரிமளா அக்கா வாசலில் நின்று, “நானும்தான் தட்டினேன் தம்பி, தெருவுக்கே கேட்டுச்சு” என்றார். இவருக்கு இதில் என்ன பங்கு என்று புரியவில்லை.

அழைப்பு மணியைச் சோதித்தேன். அழுத்தினால் சத்தமே இல்லை. ஸ்குரூடிரைவரால் திறந்து, கம்பியைச் சுரண்டி, துடைத்து மாட்டி, மறுபடி அழுத்தினேன். ஊஹும். விரலை எடுக்காமல் நாலைந்து தடவை அழுத்தி, “பாத்தியா, செத்துப்போச்சு, இதுல நீ அடிச்சதா வேற சொல்ற” என்றேன். மங்கையும் பரிமளா அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மங்கை என் கையைப் பிடித்து மணியிலிருந்து எடுத்துவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு கெட்டுப்போன மணிக்கு யாராவது அழுவார்களா?

ஜூன் 18, புதன்

அத்தை பெட்டியோடு வந்துவிட்டார். எவ்வளவு நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அடுக்களையில் அம்மாவும் மகளும் சத்தமில்லாமல் பேசுகிறார்கள். உதடுதான் அசைகிறது. நான் வாசல்படியில் நின்றால் நிறுத்திவிட்டு, அத்தை பெரிய சிரிப்பாகச் சிரித்து, “வாங்க மாப்ளை” என்று ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொல்கிறார். சின்னப் பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி. ஆதிரையைக் கீழேயே விடுவதில்லை. நான் வாங்கப் போனால், “இப்பத்தான் பால் குடிச்சா” என்று இடுப்பை மாற்றிக்கொள்கிறார்.

மத்தியானம் மங்கையின் கைப்பையில் பேனா தேடினேன். பேனா தேடினேன் என்றுதான் எழுதுவேன். ஒரு சீட்டு கிடைத்தது. அதில் என் பெயர், தியாகராஜன், வயது 36. டாக்டர் ஃபெலிக்ஸ். 28-ஆம் தேதி, சனிக்கிழமை, காலை பத்தரை. டோக்கன் நாலு. எந்த ஆஸ்பத்திரி, என்ன டாக்டர் என்று எதுவும் இல்லை.

படத்திலும் டாக்டர் இடைவேளைக்குப் பிறகுதான் வருகிறார். அவர் மனநல டாக்டர் என்று புருஷனுக்குக் கடைசி நிமிடம் வரை தெரியாது. சும்மா ஒரு குடும்ப நண்பர் என்று மனைவி அறிமுகம் செய்கிறாள். நான் சீட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவளுக்கு நான் என்ன செய்தேன்?

ஜூன் 21, சனி

புத்தூர் நாற்சந்தியில் ஒரு லாரி என் வண்டியின் கைப்பிடியை உரசிக்கொண்டு போய் நின்றது. ஹார்ன் அடிக்காமல் வந்துவிட்டு, இறங்கி வந்து என்னையே திட்டுகிறான் டிரைவர். கூட்டத்தில் ஒருத்தர்கூட எனக்காகப் பேசவில்லை. முழங்கையில் சிராய்ப்பு. வீட்டில் சொல்லவில்லை, ஆனால் சாயங்காலம் பார்த்தால் வண்டிச் சாவி ஆணியில் இல்லை.

ஜூன் 23, திங்கள்

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. நடந்தே போய் நாலாவது முறை பார்த்தேன். இந்த முறை கடைசி மூன்று நிமிடத்துக்காக மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

மனைவி கதவருகே நிற்கிறாள். கை உள்தாழ்ப்பாளில். கேமரா அவள் முகத்துக்கு மெல்லப் போகிறது. உதடு அசைகிறது. ஆனால் சத்தமில்லை. துளி சத்தமில்லை. மெல்லிய ஒரு ரீங்காரம் மட்டும், சில்வண்டு மாதிரி, நிற்காமல். நாலு முறை பார்த்தும் எனக்கு இப்போதுதான் உறைத்தது. உதடு அசைந்து சத்தம் வரவில்லை என்றால் அவள் பேசவில்லை. பேசவில்லை என்றால் இதுவரை அவள் பேசினதெல்லாம் அவன் தலைக்குள்தான். அந்தப் பங்களாவில் மனைவியே கிடையாது. அவன் தனியாகத்தான் இருந்திருக்கிறான், அந்த ரீங்காரம் அவன் தனிமையின் சத்தம். இதைத் தமிழ்நாட்டில் வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

உட்கார்ந்த இடத்தில் பதினெட்டு நிமிட வீடியோவைப் பதிவுசெய்து, வெட்டி, ஆறு மணிக்கு ஏற்றிவிட்டேன். ‘கடைசிக் காட்சியில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என் சேனலையே பந்தயம் வைக்கிறேன்’ என்று ஆரம்பித்திருக்கிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருக்கிறேன். அந்த ரீங்காரம் வீட்டிலும் என்னோடு இருக்கிறது. நல்ல படம் என்றால் அப்படித்தான், கூடவே வரும்.

ஜூன் 24, செவ்வாய்

காலைக்குள் ஆயிரத்து நானூறு பின்னூட்டம். முதல் ஐம்பதைப் படித்ததும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

‘அண்ணே, அவ பேசுறா.’ ‘ப்ரோ, “நான்தான் பூட்டினேன்”னு தெளிவா சொல்லுதே, படம் பாத்தீங்களா இல்லையா?’ ‘படத்தோட முக்கியமான வசனமே அதானே தலைவா.’ ‘முடிச்சு சேனல் காலி.’ ஒருத்தன் என் முகத்தை எடுத்து அதன் காதில் பஞ்சு வரைந்து போட்டிருக்கிறான். அதற்கு மூவாயிரம் பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள்.

பகல் காட்சிக்கு ஓடினேன். வேறு தியேட்டர், நல்ல சவுண்டு என்று பெயர் வாங்கினது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்து இருக்கையாகக் கேட்டு வாங்கினேன். கடைசிக் காட்சி வந்தது. உதடு அசைந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதே ரீங்காரம். ஆனால் பக்கத்தில் இருந்த பெண் திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்தாள். முன் வரிசையில் இருந்த இருவர் சட்டென்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முழுத் தியேட்டரும் ஏதோ ஒன்றைக் கேட்டது, நான் மட்டும் அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 25, புதன்

வீடியோவை எடுத்துவிட்டேன். காரணம் எழுதப் போவதில்லை.

ஜூன் 26, வியாழன்

இன்று வெடித்துவிட்டது. அத்தை குழந்தையை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தார். நான் போய்க் கையை நீட்டினேன். மறுபடி இடுப்பை மாற்றினார். என் பிள்ளையை என்னிடம் கொடுப்பதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டேன். எவ்வளவு சத்தமாகக் கேட்டேனோ தெரியாது, ஆதிரையின் முகம் கோணிக்கொண்டது. அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

மங்கை என் எதிரே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். “உங்ககிட்ட பிள்ளைய விட எனக்குப் பயமா இருக்கு” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

ஃபெலிக்ஸ் யார் என்று கேட்டேன். சீட்டைப் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவள் பதறவில்லை. காது டாக்டர் என்றாள். தை மாசமே ஒரு தடவை இதைச் சொன்னாளாம், நான் பதினைந்து நாள் அவளோடு பேசவில்லையாம். அதனால்தான் தட்டையும் கரண்டியையும் வைத்து அவளே சோதித்துப் பார்த்தாளாம். அன்றைக்குக் கண்ணாடியில் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் மூன்று தடவை அடித்தாளாம்.

பதினைந்து நாள் பேசாதது நிஜம். அதை இந்த நோட்டில் எழுதவில்லை, ஏனென்றால் இது படத்துக்கான நோட்டு. என் அப்பாவுக்கு நாற்பது வயதில் காது போனது. வீட்டில் எல்லோரும் அவர் முகத்துக்கு எதிரே போய்க் கத்துவோம். கல்யாணப் பந்தியில் அவர் ஒன்று கேட்க ஒன்று சொன்னால் முதலில் சிரிப்பவன் நான். சிரிக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். கடைசி நாலைந்து வருஷம் அவர் யாரோடும் பேசவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தே காலத்தை முடித்தார்.

“எங்க அப்பா மாதிரின்னு சொல்ல வர்றியா?” என்றேன். இந்த மாதிரிக் கதையில் டாக்டர் எப்போதுமே வேறு பெயரில்தான் வருவார், எனக்கா தெரியாது என்றேன். ஆதாரம் காட்டு என்றேன். அவள் எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் போட்டுவிட்டு, சோறு வடிக்கப் போனாள்.

ஆதாரத்தை நானே காட்டுகிறேன். பழைய போனில் கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. புத்தக அலமாரியின் மேல் வைத்தால் மேஜை, தூளி, முன்கதவு, ஜன்னல் எல்லாம் ஒரே சட்டத்தில் விழும். என்னோடு இருக்கும்போது என் பிள்ளை அழுவதில்லை என்பதை மூன்று மணி நேரம் ஓட விட்டுக் காட்டிவிட்டால், அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது.

ஜூன் 27, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஒன்றையும் விடப் போவதில்லை.

காலை ஏழு மணிக்குக் குளித்தலையிலிருந்து போன். அத்தையின் அக்கா குளியலறையில் விழுந்துவிட்டார். அத்தை கிளம்பிவிட்டார். மங்கை லீவு கேட்டாள், நூலகத்தில் ஆய்வுக் குழு வருவதால் கிடைக்கவில்லை. பரிமளா அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தார், பதினொன்றேகாலுக்கு வந்துவிடுவதாகப் போனில் சொல்லியிருக்கிறார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மங்கை என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “அக்கா வந்து தூக்கிட்டுப் போற வரைக்கும் தூளியப் பாத்தே உக்காருங்க. வேலை எதுவும் வேணாம். கதவத் தாழ் போடாதீங்க.” நான் தலையாட்டினேன்.

அவள் தெருமுனை திரும்பியதும் தாழ் போட்டேன். வெளியிலிருந்து யாரும் வந்து என் ஆதாரத்தைக் கலைத்துவிடக் கூடாது. பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கேமராவை ஓடவிட்டேன். குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டு, கால் மணி நேரம் அவளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். தூங்கிவிட்டாள். தூங்குகிற பிள்ளையை எவ்வளவு நேரம் பார்ப்பது? மேஜைப் பக்கம் திரும்பி, வீடியோவை ஏன் எடுத்தேன் என்று நேயர்களுக்கு ஒரு விளக்கம் எழுத ஆரம்பித்தேன். நன்றாக வந்தது. இரண்டு இடத்தில் நானே சிரித்துக்கொண்டேன்.

எழுதிக்கொண்டிருந்த தாளின் மேல் ஒரு நிழல் ஆடிற்று. நிமிர்ந்தால் ஜன்னல் கம்பிக்கு வெளியே மங்கை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள், வாய் முழுக்கத் திறந்திருந்தது. அவளுக்குப் பின்னால் பரிமளா அக்கா, அவர்தான் போன் செய்து வரவழைத்திருக்க வேண்டும். மணி பதினொன்று ஐம்பது. கதவைத் திறந்தேன். மங்கை என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் குழந்தையைத் தூக்கினாள். ஆதிரை அவள் தோளில் துணி மாதிரிக் கிடந்தாள், கண் பாதி மூடியிருந்தது, விக்கல் விக்கலாக உடம்பு தூக்கிப் போட்டது. மங்கை அவள் முகத்தைத் துடைத்து, தண்ணீரைச் சங்கில் புகட்டினாள். இரண்டு வாய் குடித்தாள்.

நான் அப்போதும் ஒன்று செய்தேன். அதை எழுதத்தான் வேண்டும். சிரித்தேன். “அழவே இல்ல, எங்கிட்ட ஆதாரம் இருக்கு” என்றேன். அலமாரி மேலிருந்து போனை எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அவர்கள் இரண்டு பேரையும் பார்க்கச் சொன்னேன்.

எடிட்டிங்கில் படத்துக்குக் கீழே சத்தம் ஒரு கோடாக ஓடும். சத்தம் இல்லாத இடத்தில் நூல் மாதிரி இருக்கும், சத்தம் வந்தால் தடிக்கும். பத்து வருஷமாக அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் வெட்டுகிறேன். சமீபமாகக் காதைவிட அதைத்தான் நம்புகிறேன். இன்று திறந்ததும், படம் ஓடுவதற்கு முன்னாலேயே முழுக் கோடும் திரையில் விரிந்துவிட்டது.

முதல் இருபத்தாறு நிமிடம் நூல். அதற்குப் பிறகு கறுப்பாக, மேலும் கீழும் முட்டுகிற அளவுக்குத் தடித்த ஒரு பட்டை. இடைவெளியே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளம்.

மின்விசிறியாக இருக்கும் என்றேன். பட்டை ஆரம்பிக்கிற இடத்தில் படத்தை ஓடவிட்டேன். தூளி குலுங்குகிறது. துணியின் விளிம்பில் ஒரு சின்னக் கை வெளியே வந்து, மூடி மூடித் திறக்கிறது. அதற்கு எட்டடி முன்னால் என் முதுகு. நான் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். தூளி இன்னும் வேகமாகக் குலுங்குகிறது. நான் தலையைச் சொறிகிறேன், எழுதுகிறேன், தோள் குலுங்கச் சிரிக்கிறேன். கோடு தடித்துக்கொண்டே போகிறது.

பதினொன்று இருபதுக்குப் பரிமளா அக்கா ஜன்னலுக்கு வருகிறார். கம்பியைத் தட்டுகிறார். ஒரு டம்ளரால் தட்டுகிறார். ஒவ்வொரு தட்டுக்கும் பட்டையின் மேல் ஒரு முள் எழும்புகிறது. அவர் மறைந்து, கதவுப் பக்கம் போயிருக்க வேண்டும், கதவு அதிர்வது தெரிகிறது. மேஜையில் என் போன் குப்புறக் கிடந்தபடி மெல்ல நகர்கிறது. நான் ஒரு பக்கத்தைத் திருப்புகிறேன்.

கொலைகாரனைத் தேடுகிறவனே கொலைகாரன் என்கிற படங்களை நான் எத்தனையோ விளக்கியிருக்கிறேன். அந்த இடம் வரும்போது தியேட்டரில் எல்லோரும் கைதட்டுவார்கள். இங்கே பரிமளா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதினொன்று நாற்பதுக்குக் கோடு மெலிய ஆரம்பித்தது. மெலிந்து, விட்டுவிட்டு வந்து, நூலாகிவிட்டது. தூளி ஆடாமல் நின்றது. சின்னக் கை துணிமேல் அப்படியே கிடந்தது. மங்கையின் தோளில் குழந்தை உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும், இருந்தும் நான் எழுந்து தூளியிடம் ஓடித் துணியை விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரத் துணிதான் இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பரிமளா அக்கா எப்போது போனார் என்று தெரியாது. மங்கை வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்குக் காது கேக்கல, மங்கை” என்றேன். இதைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்காகவா, இவளுக்காகவா, எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அவள் குழந்தையின் தலைமேல் முகத்தை வைத்தபடி ஏதோ சொன்னாள். உதடு தெரியவில்லை. “முகத்தத் தூக்கிச் சொல்லு, எனக்குத் தெரியல” என்று கேட்டேன். இத்தனை மாதத்தில் அவளிடம் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவள் நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“காலைல டாக்டர்கிட்ட போறோம். இப்ப பிள்ளையப் பிடிங்க.”

நான் கையை நீட்டவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அவளாகவே ஆதிரையை என் மடியில் வைத்து, என் இரண்டு கையையும் எடுத்துக் குழந்தையின் முதுகில் பதித்து, அதன் நெஞ்சு என் நெஞ்சோடு ஒட்டும்படி அழுத்தினாள். ஆள் மாறினது பிடிக்காமல் ஆதிரை வாயைக் கோணிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வீட்டுக்குள் எனக்கு அந்த ரீங்காரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் என் உள்ளங்கையில் அவள் முதுகு அதிர்ந்தது, விலா எலும்புக்குள் அதிர்ந்தது. அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்று, மங்கையைப் பார்த்தபடி, அதிர்வு நிற்கிற வரைக்கும் அவளைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நடந்தேன்.